பூமிகா எடுத்த ஆளில்லாத படம்

1

இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. சென்னையில் ஒரு புகைப்படக் கண்காட்சி. ஒரு படத்தில் கருகிய எரிமலைப் பாறை, நடுவே பச்சை நீர், கரையில் உடைந்த பனி. "ஐஸ்லாந்தா?" என்று கேட்டுத் தொலைத்தேன். படமெடுத்த பூமிகா சிரிக்கவில்லை.

"கவரைப்பேட்டை பக்கம் சார். கறுப்பு, இரும்பாலைக் கசடு. பனி, பழவேற்காட்டு மீன் வண்டிக்காரங்க கொட்டிட்டுப் போன ஐஸ்."

2

முதல் தொடக்கம்: 'பனியும் நெருப்பும் தழுவிக்கொள்ளும் அந்த நிலத்தில்…' சே! அடித்துவிட்டேன். [இப்படி அழகாக ஆரம்பித்தால் கங்கம்மா உள்ளே வர முடியாது.]

கங்கம்மா, மாமியார் காலத்திலிருந்து அந்தப் புறம்போக்கில் நெல் போடுகிறவர். ஆலை கசடைக் கொட்டக் கொட்ட, கூடையில் அள்ளி வரப்புக்கு வெளியே போடுவார். பூமிகா போன அன்றும் அள்ளிக்கொண்டிருந்தார்.

"யக்கா, கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லேன். ஆள் இருந்தா பாறை சின்னதா தெரிஞ்சிடும்."

"இத்தப் போயி இன்னாத்துக்குமா எடுக்கற?" என்றபடி கூடையோடு நகர்ந்தார் கங்கம்மா.

இந்த வகைப் படத்துக்கு அதுதான் முறை. அளவு காட்டும் எதுவும், மனிதனோ மரமோ மின்கம்பமோ, உள்ளே இருக்கக் கூடாது.

3

ஆலை அந்த நிலத்தை அரசிடம் கேட்கிறது. ஆள் நடமாட்டமே இல்லாத இடம் என்பதற்கு அவர்கள் காட்டும் சான்று, கண்காட்சியில் வைத்த பூமிகாவின் படம். [என் கற்பனைதான்.] புது அலுவலகச் சுவர்களுக்கும் அவள் படங்களையே வாங்கப்போகிறார்களாம். இதுவரை யாரும் அவளிடம் படம் வாங்கியதில்லை.

விசாரணை நோட்டீஸோடு வந்த படத்தைப் பார்த்துவிட்டு, கங்கம்மா பூமிகாவைத் தேடி வந்தார்.

"நான் அங்கதான இருந்தேன்? நீ சொன்னேன்னுதான நவுந்தேன்? வந்து அத்த மட்டும் சொல்லிடும்மா. அந்த நெலம் போச்சுனா நாங்க சோத்துக்கு எங்க போவோம்?"

பூமிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு

[இங்கே நின்றுவிட்டேன்.]

4

ஒரு முடிவில் அவள் சொல்லிவிடுகிறாள். படிக்க நிம்மதி, எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் விசாரணை அன்று அவளுக்குக் காய்ச்சல், போகவில்லை. காய்ச்சலை வரவழைத்தது என் கோழைத்தனம். இரண்டையும் கிழித்தாயிற்று.

ஆகவே, விசாரணை நாள். தாலுகா அலுவலகம். அதிகாரி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "நீங்க எடுக்கும்போது அங்க யாராச்சும் இருந்தாங்களாம்மா?"

ஒரு பக்கம் ஆலைக்காரர்கள். இன்னொரு பக்கம் நடவைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கங்கம்மா, புடவையில் காயாத சேற்றோடு.

பூமிகா வாயைத் திறக்கிறாள். அவள் பேச வேண்டியதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே சொல்லுங்கள். கங்கம்மா உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.