திரையின் மூலையில் ஒரு எண்

காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் முப்பத்து நான்கு பேர். முன்வரிசையில், ஜன்னல் பக்கமிருந்து எண்ணினால், முதல் நாற்காலியில் வாயாடி, இரண்டாவதில் சில்வண்டு. இருவருக்கும் நடுவே இசைக்குறிப்புத் தாளுக்கு ஒரே தாங்கி. அவர்களுக்குப் பின்னால் மூன்று வரிசைகளில் மற்ற வயலின் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். வலது பக்கம், வயலினைவிடச் சற்றே பெரிய வியோலாவோடு ஆறு பேர். அதற்கும் பின்னே, தங்களைவிடப் பெரிய வாத்தியங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்லோக்காரர்கள் ஆறு பேர். மரப்படி மேல் நின்றவர் மாஸ்டர். கதவோரம், உதிரித் தந்திகளும் துணிகளும் கிடந்த மேஜையருகே உட்கார்ந்திருந்தவள் பிருடை அக்கா.

தந்தியை முறுக்கி இறுக்கும் பிருடையோடு நாள் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறவள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் அங்கேயே தங்கி வாசிக்கும் பத்து நாள் முகாம். பிள்ளைகளின் பிஞ்சுக் கைக்குப் பிருடை மசியாது. ஆகவே தினமும் ஏழு மணிக்கே வந்து முப்பத்திரண்டு வாத்தியங்களுக்கும் சுருதி சேர்த்து வைப்பது அவள் வேலை. பிள்ளைகளின் வீடுகளுக்குக் கடிதம் எழுதுவதும் அவளே. எதையும் வரிசை போட்டு, எண் போட்டுச் செய்கிறவள். இத்தனை வருடத்தில் ஒரு வாத்தியம்கூடத் தப்பாகச் சேர்த்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆறாம் நாளான அன்று மட்டும் பத்து நிமிடம் பிந்திவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் சுருதிக் கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது. மடியில் வைத்து மூடியைத் திறந்து, புதிதை அழுத்தித் திணித்து, அவசர அவசரமாக வேலையை முடித்தாள். முள் நடுவில் நின்று பச்சை விளக்கு எரிந்தால் சரி. முப்பத்திரண்டுக்கும் பச்சை எரிந்தது.

வாத்தியத்தை வாங்கிக்கொண்ட சில்வண்டு ஒவ்வொரு தந்தியாகச் சுண்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். வயது ஒன்பது. தூக்கத்தில்கூட ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டிருப்பாள் என்று வாயாடி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு எல்லாம் சுருதி ஏறி இருக்கு."

"மெஷின் பொய் சொல்லுமா கண்ணு?"

"நீதான் நேத்து ராத்திரி முழுக்க முனகி முனகி காதைக் கெடுத்துக்கிட்ட," என்றாள் வாயாடி. "என் காதையும் சேத்து."

மாஸ்டர் கையைத் தூக்கினார். முப்பத்திரண்டு வில்லும் எழுந்தன.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் அது நடந்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். சில்வண்டின் வில் தரையில் விழுந்து உருண்டது. அவள் அழவில்லை. வலது கையால் கண்ணைப் பொத்தியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ஈரம் கசிந்தது. அறுந்த மெல்லிய தந்தி சுருண்டு காதோரம் ஆடிக்கொண்டிருந்தது. ஆறு நாளாக ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த முனகல் நின்றுபோயிருந்தது. பிருடை அக்காவுக்கு அதுதான் ஈரக்குலையை நடுங்க வைத்தது.

வேன் ஓட்டுகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நத்தை மாமா. அன்று அவர் ஒரு வேகத்தடையையும் மதிக்கவில்லை. பின் இருக்கையில் பிருடை அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த சில்வண்டு வழியில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"நான் சொன்னேன்ல அக்கா, ஏறி இருக்குன்னு."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்கில் விடை சரியா என்று கேட்கிற குரல்.

கண் மருத்துவமனையில் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். பிருடை அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். புடவை மடிப்பில் செருகியிருந்த சுருதிக் கருவி இடுப்பில் உறுத்தியது. எடுத்தாள். அதை இயக்கினாள். முள் அசையாமல் கிடந்தது. திரையின் மூலையில், கடுகு அளவில் இருக்கும் எண்ணை அவள் என்றைக்கும் பார்ப்பதில்லை. அது நானூற்று நாற்பது. எப்போதும் நானூற்று நாற்பதுதான். சுருதி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்கிற எண் அது; அது கூடினால் தந்தியின் முறுக்கும் கூடும்.

இப்போது அங்கே நானூற்று ஐம்பது இருந்தது.

பேட்டரியைத் திணிக்கும்போது கட்டைவிரல் பக்கத்துப் பொத்தானில் இருந்திருக்கிறது. அளவுகோலே நீண்டுபோன பிறகு எதை அளந்தாலும் சரியாகத்தான் தெரியும். எல்லா வாத்தியமும் ஒரே மாதிரி ஏறி நின்றதால் ஒன்றோடொன்று பொருந்திப் போயின. மாஸ்டருக்குக்கூடத் தெரியவில்லை. ஒரே ஒரு காதுக்குத்தான் தெரிந்தது. அந்தக் காதுக்காரியிடம்தான் இவள், மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டிருக்கிறாள்.

அவள் கை தானாகவே பொத்தானை அழுத்தியது. நானூற்று நாற்பத்தொன்பது. நாற்பத்தெட்டு. நாற்பதுக்கு வந்ததும் நின்றது. அவ்வளவுதான். இனி யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு மூச்சு நேரம் அவள் நெஞ்சு லேசானது.

அடுத்த மூச்சில்தான் உறைத்தது. கருவி இறங்கிவிட்டது. வாத்தியங்கள் இறங்கவில்லை. கூடத்தில் மீதி முப்பத்தோரு வாத்தியங்களும் இன்னும் அதே முறுக்கில் நின்றுகொண்டிருக்கின்றன. எத்தனை பழைய தந்தி, எத்தனை துருப்பிடித்த தந்தி, எல்லாம் பிள்ளைகளின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். வேன் கிளம்பும்போது மாஸ்டர் சொன்னது காதில் விழுந்திருந்தது: பதினொன்றுக்குத் திரும்ப ஆரம்பிப்போம், பிள்ளைகள் பயந்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

சுவரில் மணி பத்து ஐம்பத்திரண்டு.

வரவேற்பு மேஜையிலிருந்த தொலைபேசியில் ஒரு பெரியவர் தன் மூக்குக்கண்ணாடியைப் பற்றி யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். இடது கண்ணுக்கு எவ்வளவு, வலது கண்ணுக்கு எவ்வளவு, சட்டம் என்ன நிறம்.

"ஐயா, கொஞ்சம் அவசரம்."

"எனக்கும் அவசரந்தாம்மா. கண்ணாடி இல்லாம வீட்டுல யாரு எவருன்னே தெரியல. நேத்து, பேச்சுவார்த்தையே இல்லாத மச்சினனைப் பாத்து வாங்கன்னு சொல்லிட்டேன்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ஒரு குழந்தையின் கண் என்றாள். அவர் பேச்சை முறித்துக்கொண்டு ரிசீவரை நீட்டினார்.

முகாமின் எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பதாவது தடவை அடித்தபோது மாஸ்டர் எடுத்தார்.

"என்னம்மா, கண்ணு எப்படி இருக்கு?"

"இன்னும் சொல்லல. மாஸ்டர், பிள்ளைங்க யாரும் வாத்தியத்தைத் தொட வேண்டாம்."

"எல்லாரும் உக்காந்தாச்சு. ஏன்?"

ஒரு சந்தேகம், சும்மா ஒரு எச்சரிக்கை என்று இரண்டு பொய்கள் வாய்வரை வந்தன. ரிசீவருக்குள் நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ வில்லைத் தந்தியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். உயரத்தில் நின்ற சுரம். இப்போது அவளுக்கும் கேட்டது.

"சுருதிக் கருவி நானூத்தி அம்பதுல இருந்துச்சு. நான்தான் பாக்காம சேத்துட்டேன். எல்லாத்தையும் தளர்த்துங்க மாஸ்டர், மொதல்ல மெல்லிசுத் தந்தியை. முகத்தை அந்தாண்ட திருப்பிக்கிட்டுத் தளர்த்துங்க."

மாஸ்டர் ரிசீவரை மேஜை மேல் வைக்கும் சத்தம். பிறகு, "வாத்தியத்தைக் கீழ வைங்க எல்லாரும்," என்று மாஸ்டர் கூடத்தைப் பார்த்துச் சொல்வது கேட்டது. அவள் ரிசீவரைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்தார். "கருவிழியில கீறல். ஆழம் எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. மருந்து போட்டுக் கட்டியிருக்கு. நாளைக்குக் காலையில பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"பார்வை, டாக்டர்?"

"நாளைக்குச் சொல்றேனே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பயப்பட வேண்டாம் என்று அவர் சொல்லாமல் விட்டதை அவள் கவனித்தாள்.

பகல் ஒரு மணிக்கு வரவேற்பு மேஜைக்காரர் அவளைப் போனுக்குக் கூப்பிட்டார். மாஸ்டர் ஏற்கெனவே பிள்ளையின் வீட்டுக்குச் செய்தி சொல்லி, மருத்துவமனை எண்ணையும் கொடுத்திருக்கிறார். பேசியது சில்வண்டின் அண்ணன். தையல் கடையில் வேலை. பின்னால் மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

"நான் மாட்டுன கம்பிதாங்க அது," என்றான், எடுத்த எடுப்பிலேயே. "கடைக்காரர் ரெண்டு காட்டினாரு. நான் சாதாக் கம்பிதான் எடுத்தேன். நான் மாட்டுன கம்பிங்க."

"தம்பி, கொஞ்சம் கேளுங்க."

"அம்மாவுக்குக் காது கேக்காது. எழுதித்தான் காட்டினேன். படிச்சிட்டு, கம்பி யார் மாட்டினதுன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். அப்புறம் என்கிட்டப் பேசவே இல்ல. நான் சாயங்கால பஸ் ஏறுறேன். பாப்பா தூங்குதா? நான் மாட்டுன கம்பிங்க அது."

"உங்க கம்பி இல்ல தம்பி. நான் சுருதி சேத்ததுல தப்பு நடந்துபோச்சு."

"என் மனசுக்காகச் சொல்றீங்க," என்று வைத்துவிட்டான்.

இரண்டரைக்கு மாஸ்டர் வந்தார். பொத்தான் மாறிப் போட்ட சட்டை. கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். முகாமில் எந்தப் பிள்ளைக்கு அடிபட்டாலும் அன்றைக்கே வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும், வாத்தியப் பொறுப்பாளரான அவளுடைய கையெழுத்து வேண்டும் என்பது முகாமை நடத்தும் சங்கத்தின் விதி. முதலில் பிள்ளை படுத்திருந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாளை நீட்டினார்.

'மாணவி கொண்டுவந்த வயலினில் பொருத்தப்பட்டிருந்த தரம் குறைந்த தந்தி, வாசிக்கும்போது அறுந்து...'

"இதுல பொய் இல்ல," என்றார் மாஸ்டர். "சாதாத் தந்திதானே. நல்ல தந்தியா இருந்தா தாங்கியிருக்கும். மத்த முப்பத்தொண்ணும் தாங்கிச்சா இல்லையா?"

"ஏத்தினது நான், மாஸ்டர்."

"ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு எழுதினாப் போதும். இன்னொண்ணை எழுதினா சங்கம் முகாமை இழுத்து மூடிடும். உன் பேர் முப்பத்திரண்டு வீட்டுக்கும் போகும். அடுத்து எவன் உன் கையில வாத்தியத்தைக் குடுப்பான்?"

அதை அவளும் யோசிக்காமல் இல்லை. காலையிலிருந்து அதையேதான் யோசித்தாள். இந்த விரல்களைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் கட்டு பிரிக்கட்டும். கண்ணு நல்லா இருந்தா நீயே உக்காந்து எல்லாத்தையும் விவரமா எழுது. நான் தடுக்க மாட்டேன்."

"நல்லா இல்லைன்னா?"

மாஸ்டர் பேனாவை எடுத்து நீட்டினார்.

"அதான் மாஸ்டர். நல்லா இருந்தா எழுதுவேன், இல்லைன்னா எழுத மாட்டேன். எனக்கே என்னைத் தெரியும். இன்னிக்கு எழுதினாத்தான் உண்டு."

"பிள்ளையோட அண்ணன்கிட்டப் போன்ல சொல்லிட்டேன்னியே? போதாதா?"

"நம்பல. அவங்க அம்மாவுக்குக் காதும் கேக்காது."

மேஜைக்காரரிடம் இரண்டு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, பெஞ்சில் சுருதிக் கருவியின் பெட்டியை அடியில் வைத்து எழுதினாள். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தொடங்கினாள். பிறகு பேட்டரி, கட்டைவிரல், மூலையில் இருந்த எண். உங்கள் மகள் தவறு என்று சொன்னாள், நான் கேட்கவில்லை என்று ஒரு வரி. உங்கள் மகன் மாட்டிய தந்தி சரியான இடத்தில், சரியான முறையில் மாட்டப்பட்டிருந்தது என்று இன்னொரு வரி. அந்த வரியில் ஒரு எழுத்து கலைந்தது. அடித்துத் திரும்ப எழுதினாள். பார்வை பற்றி நாளை காலைதான் தெரியும், தெரிந்த உடனே மறுபடி எழுதுவேன். கையெழுத்து. தேதி.

மாஸ்டர் வாங்கிப் படித்தார். தட்டச்சுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "தபால் நாலு மணிக்குக் கட்டிடுவாங்க," என்றார். "நான் பிள்ளைகிட்ட இருக்கேன். நீ போயிட்டு வா."

கிளம்புமுன் அறைக்குள் போனாள். பாதி முகம் வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. உதடு அசைகிறதா என்று குனிந்து பார்த்தாள். அசையவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

தபால் நிலையம் எதிர்ச்சாரியில்தான். பசைக் குப்பி காய்ந்திருந்தது. தண்ணீர் தொட்டுக் கரைத்து, உறையின் ஓரத்தை இரண்டு தரம் தடவி, நகத்தால் நீவி ஒட்டினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எடை போட்டார், முகவரியைப் படித்தார், முத்திரை குத்தினார்.

"உள்ள உடையற மாதிரி ஏதாவது இருக்கா?"

"கடிதம்தான்."

அவர் அதைப் பின்னால் இருந்த சாக்குப் பைக்குள் போட்டு, பையின் வாயைச் சுருக்கிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். அவள் கை இன்னும் ஜன்னலுக்குள் நீண்டபடியே இருந்தது.