அன்னபேதித் தரை

விழுப்புரத்தில் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் தென்னரசுவின் வீட்டிலேயே டைல்ஸ் இல்லை. கிளியனூரில் கட்டிய புது வீட்டுக்கு வெறும் சிமெண்டுத் தரையோடுதான் குடிவந்தார்கள். டைல்ஸ் வேண்டாம் என்றவள் அவன் மனைவி பானுப்ரியா. ஈரக்காலோடு பயமில்லாமல் நடக்கிற தரைதான் வேண்டும் என்றாள்.

அதற்கு நிறம் ஏற்றும் யோசனை மல்லாட்டைக் கொல்லையில்தான் பிறந்தது. இலை வெளுத்த கடலைச் செடிகளுக்கு, இரும்புச் சத்துக்காக அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்திருந்தாள். சிமெண்டுக் களத்தில் இறக்கி வைத்த தெளிப்பான் ஒழுகி, மறுநாள் அந்த இடம் பழுப்பேறிக் கிடந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. 'இத வூட்டுக்குள்ள அடிச்சா இன்னா?' என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

"கடைக்கு வர்றவங்க நம்ம வூட்டுக்கு வந்தா என் மானம் இன்னா ஆவறது?" என்றான் தென்னரசு.

"வரட்டுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவன் வேலைக்குப் போனதும் சாமான்களை வெளியேற்றினாள். தரையைக் கழுவிக் காயவிட்டு, ஆங்காங்கே தண்ணீர் சொட்டிப் பார்த்தாள். தரை உறிஞ்சியது, அப்படியானால் நிறமும் பிடிக்கும். கையுறை மாட்டிக்கொண்டு, அன்னபேதிக் கரைசலைப் புதிதாக வாங்கிய தெளிப்பானால் அடித்து, பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தாள்.

மாலையில் வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "பாசி புடிச்சாப்பல கீது பானு!"

"காத்தாட வுடுங்க. காலையில பேசிக்கலாம்."

காலையில் கூடம் முழுக்க வெல்லப்பாகு நிறம். ஓரிடம் போல் இன்னோரிடம் இல்லை, அதுவே அழகாக இருந்தது. ஆனால் சமையலறை ஓரத்தில் முறம் அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் சாம்பலாகவே கிடந்தது. குடிவந்த அன்று எண்ணெய் டின் ஒழுகிய இடம் அது. அங்கே மட்டும் அவள் தண்ணீர் சொட்டிப் பார்க்கவில்லை.

"ஃப்ரிட்ஜ அங்க நவுத்திடு, தெரியாது" என்றான்.

"மறைக்கிறதுக்கா இம்மாம் பாடுபட்டேன்? எண்ணெய எடுத்துட்டா பிடிக்கும்."

சோடா உப்பை வெந்நீரில் கரைத்து ஊற்றித் தேய்த்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த தென்னரசு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். "பாலீஷ் போடுற கல்லு ஒண்ணு வண்டியில கீது, இரு" என்று எடுத்து வந்தவன், அன்று கடைக்கே போகவில்லை. சொட்டிய தண்ணீரைத் தரை குடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மறுபடி கரைசலை அடித்ததும் அந்தத் திட்டிலும் நிறம் பிடித்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் வெளிர். அதை அவள் பொருட்படுத்தவில்லை. கறை இறங்காமல் இருக்கக் கருங்கல்லுக்குப் பூசும் சீலரைத் தென்னரசுவே கடையிலிருந்து வாங்கி வந்து பூசினான். தரை இன்னும் ஆழ்ந்து மின்னியது, ஈரக்காலுக்கு வழுக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை அம்சா திண்டிவனத்திலிருந்து வந்தாள். குனிந்து தரையைத் தடவினாள். "எந்தக் கம்பெனி டைல்ஸுண்ணா? ஒட்டே தெரியல!"

"டைல்ஸே இல்ல. உங்க அண்ணி போட்டது" என்றான், குரலில் பெருமை வழிய.

"அண்ணி, எங்க வூட்டுக்கும் வந்து போட்டுக் குடுங்களேன்."

"நான் போட மாட்டேன், நீதான் போடணும். நான் பக்கத்துல இருந்து சொல்றேன்."

"எனக்கு வருமா அண்ணி?"

"எனக்கு வரல?" என்றாள் பானுப்ரியா. "எப்ப வச்சிக்கலாம், சொல்லு."