பழைய தண்ணீரில் ஒரு கை கல்

ரப்பர் குழாயின் ஒரு முனையை மீன்தொட்டியில் அமிழ்த்தி, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். தண்ணீர் ஏறியதும் சட்டென்று வாயை எடுத்து முனையைப் பக்கெட்டில் விட வேண்டும். நான் எடுப்பதற்குள் ஒரு குடம் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விட்டது. குடம் என்றால் நம்பமாட்டீர்கள். சரி, அரைக் குடம். அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த கண்ணாயிரம் சிரித்தான். மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தாறு வருடம் நான் மேஸ்திரி, அவன் என்னிடம் உப்பு வாரியவன்.

"இன்னா மேஸ்திரி, டிபன் ஆச்சா?"

இந்த வீட்டில் மேஸ்திரிகள் இரண்டு பேர். இன்னொருவர் அப்போது வேறொரு பக்கெட்டில் இருந்தார். தங்கமீன். நான் ஓய்வு பெற்று வந்து, காபி எங்கே, கண்ணாடி எங்கே என்று அதிகாரம் பண்ண ஆரம்பித்ததும் என் மனைவி பிரிசில்லா அதற்கு அந்தப் பெயரை வைத்தாள். "நாள் முழுக்க வாயத் தொறந்து தொறந்து மூடுது. வேலைன்னு ஒண்ணும் கெடையாது. வேற இன்னா பேரு வெக்கிறது?" ஏழு வருடத்தில் அது வளர்ந்த வளர்த்திக்கு, தொட்டியில் திரும்ப வேண்டுமென்றால் முதலில் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும்.

மறுநாள் பிரிசில்லாவுக்கு முப்பதாம் நாள் பூசை. ஒரு வியாழக்கிழமை காலையில் மீனுக்குத் தீனி போட்டுவிட்டு, விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் தொட்டிக் கல்லை அலசுகிறவள் அவள்தான். அப்புறம் நான்கு சனிக்கிழமை போயிற்று. நாற்றம் திண்டிவனம் வரைக்கும் போய், அங்கே பஸ் ஏறித் திரும்பி வந்தது. மீன் மேலே வந்து காற்றுக்கு வாய் பிளந்தது. "கழுவுங்கப்பா, இல்லாட்டி யார்கிட்டயாவது குடுத்துடுங்க. செத்துடும் அது" என்று மகள் அனுஷியா போனில் தினமும் சொன்னாள்.

முதுகுவலி என்று அவளிடம் சொல்லிவந்தேன். முதுகெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வெள்ளைக் கற்களின் இடுக்கில் படிந்த பழுப்பு மண்டியில், அந்த வியாழக்கிழமை அவள் கிள்ளிப் போட்ட தீனி இருந்தது. மீன் தின்றது போக மிச்சம், தின்று கழித்த மிச்சம். அவள் கையிலிருந்து கடைசியாக விழுந்தது அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விடச் சொன்னால்? ஆனால் நேற்று மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்தியது.

அதனால்தான் இன்று குழாயை வாயில் வைத்தேன். பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு, கல்லை அள்ளித் தாம்பாளத்தில் போட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனேன். கை வேலையில் இறங்கிவிட்டால் எனக்கு மற்றது தெரியாது. அங்கிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குலுக்கினேன், தேய்த்தேன், நூறு தண்ணீர் மாற்றினேன். கல் வெளுத்தது. சித்திரை மாதத்து முதல் உப்புகூட அந்த வெள்ளை கிடையாது. சந்திரனில் நின்று பார்த்தாலும் தெரியும் என்று கண்ணாயிரத்திடம் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "உப்பா இருந்தா நல்ல தண்ணியில கழுவ உடுவியா மேஸ்திரி? ஒரு தபா நான் கழுவிட்டன்னு எங்கம்மா வரைக்கும் இஸ்துவெச்சித் திட்டினியே."

குழாயை மூடினேன்.

நல்ல தண்ணீர் பட்டால் அழுக்கோடு உப்பும் கரைந்து போய்விடும். பாத்தியில் கிடக்கும் உப்புத் தண்ணீரிலேயே அலசித்தான் கரையேற்றுவோம். பிரிசில்லாவும் கல்லைத் தொட்டியின் பழைய தண்ணீரில்தான் அலசுவாள். அழுக்கை அழுக்குத் தண்ணியிலயே கழுவுறியே என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். அவள் நிமிரவே இல்லை. "நீங்க உப்ப எதுல கழுவுனீங்க? கல்லுல ஒட்டினு இருக்கிறதுல பாதி அதுக்கு உசுருங்க. மொத்தமா வெளுத்துட்டா அது எப்பிடிப் பொழைக்கும்?"

தாம்பாளத்துக்கு அடியிலிருந்து சாக்கடை வரை ஈரம் ஒரு கோடாகப் போயிருந்தது. வெயிலில் அது ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது.

கண்ணாயிரம் எழுந்து போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "மூலைல கொஞ்சம் கீது பாரு."

அவள் தீனி போடுகிற மூலை. என் கை எட்டாமல் விட்டுப்போன கல், ஒரு கை இருக்கும். பழுப்பாகவே இருந்தது. கண்ணாயிரம் தொட்டியைச் சாய்த்துப் பிடிக்க, அதை அள்ளி, உறிஞ்சி இறக்கிய பழைய தண்ணீரில் அலசினேன். உப்பை அலசுகிற மாதிரி, தேய்க்காமல், இரண்டே அலசு. மூன்றாவதற்குக் கை போகவில்லை. வெள்ளைக் கல்லைப் பரப்பிவிட்டு, இதை அதே மூலையில் வைத்தேன்.

மீனை விட்டோம். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு கீழே இறங்கி ஒரு வெள்ளைக் கல்லை வாயில் எடுத்து, உருட்டிப் பார்த்துத் துப்பியது. கண்ணாடியில் டக்கென்று பட்டது. இன்னொன்றை எடுத்தது. அதையும் துப்பியது.

"அசல் மேஸ்திரி மாதிரியே நொட்டை சொல்லுது பாரு" என்றான் கண்ணாயிரம், மெதுவாக.

ஒவ்வொரு கல்லாகத் துப்பிக்கொண்டே மீன் மூலைக்குப் போயிற்று. பழுப்புக் கல் ஒன்றை எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் முட்டியில் கை ஊன்றிக் கண்ணாடிக்கு நேராகக் குனிந்தோம். கல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு அது நின்றது. செவுள் திறந்து திறந்து மூடியது. இன்னும் துப்பவில்லை.