ரவுட்டர் எழுந்திருக்கும் நேரம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரவுட்டர் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எட்வர்ட் இன்ஜினியர். அங்கே சோதனை மேசையில் உட்காரும் இளமதி கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு பேருக்கும் காதல். இளமதியின் குடும்பத்துக்கு நெல் வயல் உண்டு. எட்வர்டின் அப்பா அப்படிப்பட்ட வயல்களில் கூலிக்கு இறங்கியவர். வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். தை பிறந்ததும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அதுவரை அவள் வீட்டை விட்டு வெளியே வர வேலை ஒன்றுதான் வழி.

மழைக்காலத்தில் புது மாடல் வந்தது. பவர் கொடுத்தபின் ஒவ்வொரு ரவுட்டரும் எழுந்திருக்க மூன்று நிமிடம் பிடித்தது. அன்றைய கணக்கு முடியாமல் இளமதி ஷிப்டு தாண்டியும் உட்கார வேண்டியிருந்தது.

"எங்கண்ணன் நேத்து கேட் வரிக்கும் வந்துட்டான். இன்னா வேல இவ்ளோ நேரம்னு கேக்குறான்," என்றாள். "இப்டியே போச்சுன்னா வேலைக்கே அனுப்ப மாட்டாங்க."

"நான் பாத்துக்கிறேன்," என்றான் எட்வர்ட்.

ரவுட்டரின் மென்பொருள் ஃபிளாஷ் சிப்பிலிருந்து பிராசஸருக்கு ஒரே தடத்தில், ஒவ்வொரு பிட்டாக வரும். அந்தத் தடத்தை சீரியல் பஸ் என்பார்கள். பிழை வருமோ என்று யாரோ பயந்துபோய் அதன் வேகத்தை மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள். எட்வர்ட் கூட்டிப் பார்த்தான். தகவல் பிழையாக வந்து போர்டு பாதியில் நின்றது. பிராசஸர் ஒரு கணம் தாமதித்துப் படிக்கும்படி மாற்றினான். போர்டைச் சூடாக்கியும் குளிரவைத்தும் ஓட்டிப் பார்த்தான். கடைசியில் ரவுட்டர் ஒரு நிமிடத்துக்குள் எழுந்தது.

அன்று இளமதி நேரத்துக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மேனேஜர் தணிகாசலம் அவனைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார்.

"சூப்பர்பா. இனிமே ஆறு டேபிள் வேணாம், ரெண்டு போதும். கான்ட்ராக்ட் பொண்ணுங்கள சனிக்கெழமையோட நிறுத்திடுறோம்."

"வேற லைன்ல போடலாமே, சார்," என்றான் எட்வர்ட்.

"அதெல்லாம் எச்.ஆர். பாத்துக்குவாங்க. நீ ஏன் பேஜாராவுற?"

சனிக்கிழமை அவளை கேன்டீன் பக்கம் பிடித்தான். "இப்பவே கெளம்பு. மீஞ்சூர்ல எங்கக்கா மெர்சி ஊடு இருக்குது."

"வெளிய அண்ணன் வண்டியோட நிக்கிறான்," என்றாள். "திங்கக்கெழம வேற வேல தேடுறேன்னு சொல்லிட்டு வந்துடுறேன்."

"என்னாலதான் ஆச்சு."

"எனக்காகத்தானே பண்ண," என்று அவன் கையைத் தொட்டாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அவள் போன் அணைந்திருந்தது. எட்வர்ட் பல நாள் வேலை முடிந்ததும் புதுவாயல் ஜங்ஷனில் போய் நின்றான். அவள் ஊர் ஷேர் ஆட்டோக்கள் வந்தன, அவள் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், அவளோடு வேலை பார்த்த நர்மதாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது இளமதி.

"எனக்கு மாசில கல்யாணம் வெச்சிட்டாங்க. நீ இங்க வராத. வந்தா உன்ன உடமாட்டாங்க."

"உனக்குச் சம்மதமா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "யாரோ வராங்க," என்றாள். போன் நின்றது.

கல்யாணத்தன்று எட்வர்ட் லீவு போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனான். மெர்சி சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். தட்டின்மேல் கையை வைத்தபடி அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.