இரவல் வாய்

"நான் எழுதினதை நானே வாசிச்சால் கர்த்தருக்குக் காது கேளாதோ?" என்று சிவகலா கேட்டாள்.

கணவன் இரவீந்திரன் கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தான். "கர்த்தருக்கில்லையப்பா, பாஸ்டருக்குத்தான் பிரச்சினை. சபையிலை பொம்பிளையள் எழும்பிக் கதைக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே. தா, நான் வாசிக்கிறன்."

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வாழ்ந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றிய கட்டுரை அது. தேவாலயத்தில் எழுந்து பேசிய குற்றத்துக்காக அவளைச் சிறையில் போட்டார்கள். அவள் அங்கிருந்தே கர்த்தரைப் பாடினாள். பகலெல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, அந்தப் பாட்டுகளைச் சிவகலா வரிவரியாகத் தமிழாக்கியிருந்தாள். வாய் திறந்ததற்காகச் சிறை போனவளின் கதையைச் சொல்லவும் ஓர் ஆண் வாய்தான் வேண்டியிருந்தது. வெட்கங்கெட்ட கூத்து!

ஞாயிறு பிற்பகல், அவர்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் பூம்ப்ளிஸ் பகுதியில் தமிழ்ச் சபை வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்தில் இரவீந்திரன் உருகி உருகி வாசித்தான்.

"பூட்டிய கதவுக்கு இப்பாலும் நீரே,
பேசென்றவர் நீரே, நான் பேசினேன்."

"ஆமென்!" என்று மண்டபம் அதிர்ந்தது. "அண்ணை, கண்ணீர் வந்திட்டுது" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவனும் கூச்சமில்லாமல் நன்றி சொன்னான். பின்வரிசையில் முக்காட்டோடு இருந்த சிவகலாவின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

பாஸ்டர் தவராஜாவுக்குக் கட்டுரை பிடித்துப்போயிற்று. அதில் வந்த குவேக்கர் வழக்கம் அதைவிடப் பிடித்தது. "இண்டைக்குப் பிரசங்கம் வேண்டாம். நாங்களும் அவையளை மாதிரி அமைதியா இருப்பம். ஆவியானவர் ஆரை ஏவினாலும் எழும்பிக் கதைக்கலாம்" என்றார்.

மண்டபம் அடங்கியது. தெருவில் ட்ராம் போகும் சத்தம் கேட்டது.

சிவகலா எழுந்தாள்.

இரவீந்திரன் திரும்பிப் பார்த்து, "இரு, இரு" என்று கையைக் காட்டினான். பாஸ்டரின் முகம் கறுத்தது. "சகோதரி, நான் ஆம்பிளையளைத்தான் சொன்னனான்."

"எனக்குச் சொல்லிப்போட்டியள். அதை ஆவியானவருக்கும் சொன்னியளோ, பாஸ்டர்?"

பாஸ்டர் அவசரமாக வேதாகமத்தைத் திறந்து, பெண்கள் சபையில் பேசக்கூடாது என்ற வசனத்தைத் தேடினார். கோபத்தில் பக்கம் அகப்படவில்லை. சிவகலா அவருக்காகக் காத்திருக்கவில்லை. எந்தத் தாளிலும் எழுதாத தன் சொந்தப் பாட்டைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஆண்டவரே, என் பாட்டுக்கு ஆமென் சொன்னார்கள்;
என்னைத்தான் உட்காரச் சொல்கிறார்கள்."

இந்த முறை ஆமென் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் அடுத்த அடிக்குப் போனாள்.