தேவானையின் மனு நிலுவையில் இருந்த இருபத்தைந்து ஆண்டுகள்

மயிலாப்பூரில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த மறுகுடியமர்வு அலுவலகத்தில், மனு நிலுவையில் இருக்கும் வரை மனுதாரருக்கு வயது ஏறாது. இதை யாரும் மறைக்கவில்லை, பெரிதாகப் பேசவும் இல்லை. ஆற்றோரக் குடிசையைப் பறிகொடுத்து, 1999-இல் வீடு கேட்டு மனுக் கொடுத்தபோது தேவானைக்கு முப்பத்துமூன்று வயது, மகள் மணிமொழிக்குப் பதின்மூன்று. 2024-இல் மணிமொழிக்கு முப்பத்தெட்டு ஆனது, தேவானைக்கு அதே முப்பத்துமூன்று. பட்டினப்பாக்கத்தில் இருவரும் சேர்ந்து மீன் விற்கும்போது வாடிக்கைக்காரர்கள் மகளை அக்கா என்றும் தாயைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டார்கள். அலுவலகத்துக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நிலுவை நானூற்றுப் பன்னிரண்டு, மனுதாரர் இறப்பு இல்லை என்று மாதாமாதம் அறிக்கை போகும். இறப்பே இல்லாத ஒரே பிரிவு என்று பாராட்டித் தலைமையகம் இரண்டு முறை சுழற்கேடயம் கொடுத்திருக்கிறது. அது சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இருந்தது.

பதினொரு அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொருவரும் கோப்பில் ‘சரிபார்த்து மீள வைக்கவும்’ என்று பச்சை மையில் எழுதிவிட்டு மாற்றலாகிப் போனார்கள். பன்னிரண்டாவதாக வந்தவர் சாந்தோமைச் சேர்ந்த ஜொவிட்டா. ஐந்து நாள் தலைமைப்பண்புப் பயிற்சி முடித்த கையோடு வந்தவர் என்பதால் வேகம் இருந்தது. முதல் நாள் அலமாரிகளைத் திறக்கச் சொன்னார், இரண்டாம் நாள் தூசி தட்டச் சொன்னார், மூன்றாம் நாள் காலை முதல் கோப்பில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். அது சின்னப்பையன் என்கிற கொத்தனாருடையது. நாற்பத்தாறு வயதில் மாடிப்படி இறங்கத் தொடங்கிய மனிதர் கீழே போய்ச் சேரும்போது அவருக்கு எழுபத்தொன்று. பாவம், அதையும் சமாளித்துக்கொண்டு சாவி வாங்கப் போனார். சாவிக் கவுன்டரில் செந்தில்குமார் மனுவில் ஒட்டியிருந்த போட்டோவையும் எதிரே நின்ற ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகம் ஒத்துப்போகவில்லை, புது மனு கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். சின்னப்பையன் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எழுபத்தொன்றிலேயே நிற்கிறார், மூட்டுவலியும் கூடவே நிற்கிறது.

அன்று மதியம் ஜொவிட்டாவுக்கு டிபன் பாக்ஸைத் திறக்கவே மனம் வரவில்லை. அதே அலுவலகத்தில் பதினான்கு வருடமாகக் கண்காணிப்பாளராக இருக்கும் மதிவாணன் வந்து எதிரே உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை, மனுதாரர்களுக்குத் தன் செலவில் மோர் வாங்கித் தருகிறவர். “மேடம், கையெழுத்துப் போடுறது ஒரு வேலையே இல்லீங்க. போட்ட பிறகு அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது? நிலுவைன்னா சோம்பேறித்தனம்னு நெனச்சிடாதீங்க. அது ஒரு இரக்கம்” என்றார். பயிற்சியில் இதற்குப் பாடம் நடத்தவில்லை. ஜொவிட்டா ஒரு வாரம் பேனாவையே மூடி வைத்திருந்தார். அந்த வாரம் அலுவலகத்தில் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அடுத்த திங்கள்கிழமை, மனு நாளில், தேவானை மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நேராக அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்.

“இன்னா மேடம், கையெழுத்து போடறத நிறுத்திட்டியாமே? நம்மள்த போடு.”

“ஒரு நிமிஷத்துல இருபத்தஞ்சு வருஷம் போயிடும்மா. தெரியும் இல்ல?”

“போவட்டும். எம் பொண்ணு என்னிய வுட அஞ்சு வயசு மூத்தவளா ஆயிட்டா. இப்டியே போய்க்கினு இருந்தா அவளுக்கு நான்தான் கொள்ளி வெக்கணும். பெத்தவளுக்கு அத வுட இன்னா கொடும கீது, சொல்லு.”

மணிமொழி தரையைப் பார்த்தபடி நின்றார். “அம்மாவ நான் பாத்துக்கறேன் மேடம்” என்று மட்டும் சொன்னார்.

ஜொவிட்டா எழுந்து, தானே கீழே இறங்கிப் போய்ச் செந்தில்குமாரிடம் சாவியைக் கேட்டார். உத்தரவுக்கு முன்னால் சாவி கொடுக்க விதியில் இடமில்லை என்றார் அவர். என் பொறுப்பில் கொடுங்கள் என்று ஜொவிட்டா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். சாவி தேவானையின் கைக்கு வந்தது. போட்டோவும் முகமும் அச்சாக ஒத்துப்போவதைச் செந்தில்குமார் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். தேவானை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வராந்தா பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஜொவிட்டா பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெயரை எழுதும்போது தேவானையின் தலை வெளுத்தது, பதவியை எழுதும்போது கன்னம் ஒட்டியது, தேதி போடும்போது இரண்டு பல் போனது. ஜொவிட்டா அழுதார். கோப்பில் அதைப் பற்றிக் குறிப்பு ஏதும் இல்லை.

விதியை மீறியதற்கு ஜொவிட்டாவிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார். இனி முதலில் சாவி, பிறகு கையெழுத்து என்பதே வழக்கமானது. சின்னப்பையனுக்கும் அப்படித்தான் கிடைத்தது. திங்கள்கிழமைகளில் மனுதாரர்கள் மாடவீதியில் கைத்தடி வாங்கிக்கொண்டுதான் படியேறினார்கள், விவரமானவர்கள் மூக்குக்கண்ணாடியும் கொண்டுவந்தார்கள். வர விருப்பமில்லாதவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் மூன்று பேரைத் தவிர எல்லோரும் வந்தார்கள். அந்த ஆண்டு மனுதாரர் இறப்பு ஆறு என்று அறிக்கையில் எழுத வேண்டியிருந்ததால் கேடயம் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஆறு பேரும் சொந்த வீட்டில்தான் இறந்தார்கள் என்பதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இவையெல்லாம் பிறகு நடந்தவை. அந்தத் திங்கள்கிழமை மதியம் தாயும் மகளும் புது வீட்டைப் பார்க்க லஸ் கார்னரில் பஸ் ஏறினார்கள். நல்ல கூட்டம். தேவானைக்கு மூச்சு வாங்கியது, முழங்கால் எப்படி வலிக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டிருந்தார். மணிமொழி முன்னால் இருந்த சீட்டைப் பார்த்து, “அம்மாக்கு கொஞ்சம் எடம் குடும்மா” என்றார். ஒரு கல்லூரிப் பெண் எதுவும் கேட்காமல் எழுந்துகொண்டாள். தேவானை உட்கார்ந்து, மகளின் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.