வால்வைக் கழற்றிய கை

பாலத்து ஏற்றத்தில் எங்கள் லோடு வண்டி நின்றுவிட்டது. பின்னால் கட்டில், பீரோ, பிரிட்ஜ் என்று ஒரு குடும்பமே ஏறிக் கிடக்கிறது. வீடு மாறுகிறவர் முன்சீட்டில் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "இந்த லட்சணத்துலதான் வாடகைக்கு வந்தீங்களா?" என்கிறார். கரும்புகை வேறு. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே எங்களை நன்றாக வாழ்த்திவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுபடி மறுபடி சாவியைத் திருகினார்.

எப்படியோ ஊர்ந்து போய்ச் சாமான்களை இறக்கினோம். நேரே அண்ணன் பட்டறைக்கு விடச் சொன்னேன். இவர், "நாளைக்குப் போலாமே" என்று இழுத்தார். நான் கேட்டால்தானே?

போன மாதம்தான் அண்ணன் இந்த வண்டியின் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார். இன்ஜின் விடும் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு அது. கரி அடைத்துக்கொண்டால் வண்டி இழுக்காது, கறுப்பாய்ப் புகை தள்ளும். எனக்கு இவ்வளவு தெரிந்தால் போதாதா? குற்றவாளி யாரென்று தீர்ப்பே எழுதிவிட்டேன்.

பட்டறை வாசலில் பார்சல் கம்பெனி முதலாளி நின்றிருந்தார். தன் பிக்கப் வண்டிகளை எல்லாம் இனி அண்ணனிடமே சர்வீசுக்கு விடலாமா என்று பார்க்க வந்திருந்தார். சொந்தப் பட்டறை போட்ட நாளிலிருந்து அண்ணன் காத்திருந்த வேலை. அண்ணி போனில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். அது தெரிந்தும் என் வாய் நிற்கவில்லை.

"என்னண்ணா வேலை பாத்திருக்க? தங்கச்சி வண்டிதானேன்னு அலட்சியமா? நடுப்பாலத்துல நின்னு மானம் போச்சு!"

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "நல்லாத்தானே போட்டுக் குடுத்தேன்... இரு, பாக்கறேன்."

"பாத்த லட்சணம்தான் தெரியுதே!"

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். பக்கத்துப் பெயிண்டரும் டயர் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

அண்ணன் பானட்டைத் தூக்கினார். வால்வு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தவர், அதன் தலை தேய்ந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். "மாப்பிள்ளை, இத வேற யாராச்சும் கழட்டினாங்களா?"

இவர் முன்டயரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லையே" என்றார்.

"வேற யாரு கழட்டப் போறா? உன் தப்பை எங்க தலையில கட்டாத" என்றேன் நான்.

வால்வு வெளியே வந்தது. அதில் கரி அதிகமில்லை. அண்ணன் டார்ச் அடித்து, இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் பார்த்தார். மூக்கு நீண்ட பிளையரை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வந்தது, வந்துகொண்டே இருந்தது. கரியும் எண்ணெயும் ஊறிய துணி. வால்வைக் கழற்றும்போது கரி உள்ளே விழாமலிருக்கக் குழாய் வாயில் துணி அடைப்பார்கள். மூடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். யாரோ எடுக்க மறந்திருக்கிறார்கள். இன்ஜின் அதை உள்ளே இழுத்து வளைவில் செருகிக்கொண்டது.

"அடப்பாவி அண்ணா..." என்று நான் ஆரம்பிக்கும்போதே துணியின் ஓரம் பிரிந்து தொங்கியது. கரி படாத ஒரு மூலை. நீலத்தில் மஞ்சள் பூ, லேஸ் வைத்த பாக்கெட்.

என் நைட்டி. தோளில் கிழிந்ததும் கரித்துணிக்காகச் சமையலறையில் போட்டு வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கிறேன் என்று இவர்தான் அதை எடுத்துப் போனார். போனில் ஏதோ ரிப்பேர் வீடியோ ஓட, மதியம்வரை பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்ததாம். மச்சான் முன்னால் திரும்பத் திரும்பப் போய் நிற்கக் கூச்சமாம். இதெல்லாம் பிறகு சொன்னது.

"யாரு விட்ட துணிங்க இது?" என்று கேட்டார் முதலாளி.

நான் பேசியிருக்க வேண்டும். பேசினால் அது என் நைட்டி என்று அத்தனை ஆண்கள் நடுவில் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் கத்துக் கத்தியவள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அண்ணன் துணியைச் சட்டென்று கைக்குள் சுருட்டினார். "என் தப்புதாங்க. போன மாசம் நான்தான் செஞ்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"சொந்தத் தங்கச்சி வண்டிக்கே இப்படின்னா..." முதலாளி முடிக்கவில்லை. எதிர் டீக்கடைக்குப் போய் வேறொரு பட்டறைக்குப் போன் போட ஆரம்பித்தார். குரல் இங்கேவரை கேட்டது.

அண்ணன் குழாயைத் துடைத்தார். புது கேஸ்கெட் வைத்து வால்வைப் பூட்டினார். வண்டி புகையில்லாமல் ஸ்டார்ட் ஆனது. பிறகு துணியைப் பழைய பேப்பரில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும்மா. இங்க குப்பையில கெடந்தா யாராச்சும் விரிச்சுப் பாத்துச் சிரிப்பாங்க."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணி எடுத்துக் கொடுத்த நைட்டி. அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் மாட்டிக்கொண்டு திரிவேன். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த மனிதர் தன் தொழிலையே தூக்கிக் கொடுத்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"ஏறு, போலாம். இப்ப நல்லா இழுக்கும்" என்றார் இவர்.

நான் ஏறவில்லை. சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போய், முதலாளிக்கு முன்னால் பேப்பரைப் பிரித்துத் துணியை விரித்துப் பிடித்தேன்.

"சார், இது என் நைட்டி. எங்க வீட்டுல இருந்து வந்த துணி. எங்கண்ணன் விட்டதில்ல."

யாருக்கோ டீ புரையேறியது. யாரோ சிரித்தார்கள். காது மடல் எரிந்தது. முதலாளி போனில், "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப வால்வைக் கழட்டினது யாருமா?"

இந்தக் கேள்வியை நான் யோசிக்கவே இல்லை. என் மானத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். இவர் வண்டியை விட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடி சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"சத்தமா சொல்லுங்க" என்றேன். "அங்க எங்கண்ணனுக்குக் கேக்கணும்."

இன்னொரு முறை சொன்னார். எதிரே பட்டறையில் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் தலைகுனிவைப் பார்க்க மாட்டாமல் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.